பால் கறக்க யாரும் ஊக்கம் தேடுவதில்லை

கேள்வி: "அம்மா, நான் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வயது 32. பத்தாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியில்தான். வீட்டில் மாமியார், இரண்டாம் வகுப்பு படிக்கும் பையன், மூன்று மாடு. கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுதி எல்.டி. கிளார்க் (கீழ்நிலை எழுத்தர்) ஆக வேண்டும் என்று நான்கு வருஷமாக முயற்சி. அது எங்கள் அப்பாவின் ஆசை. ஒவ்வொரு தடவையும் ஆரம்பம் ஜோராக இருக்கும். டைம்டேபிள் போட்டு, எல்லோரும் தூங்கின பிறகு ராத்திரி பத்து மணிக்கு ஒரு வாரம் உட்காருவேன். அப்புறம் ஒரு நாள் பையனுக்குக் காய்ச்சல் வரும், இல்லை விருந்தாளி வருவார்கள். அந்த ஒரு நாள் விட்டால் இரண்டு மாதம் போய்விடும். போன தடவை வெட்கப்பட்டுக்கொண்டு பி.எஸ்.சி. தளத்தையே திறக்காமல் இருந்தேன், தேர்வு எழுதுவேன் என்று கன்ஃபர்மேஷன் கொடுக்கும் தேதி தாண்டிவிட்டது. மலையாளத்தில் இருக்கும் நோட்ஸைப் பார்த்தாலே கண் சொக்குகிறது. இப்போதெல்லாம் ராத்திரி மோட்டிவேஷன் வீடியோ பார்க்கிறேன். பார்க்கும்போது அழுகை வரும், காலையில் ஒன்றும் மிச்சம் இருக்காது. எப்போதும் அசதி. மாமியார் ஒரு நாள் 'படிச்சது போதும், மாட்டைப் பாரு' என்றார். மாட்டு வேலையில் மட்டும் நான் ஒரு நாளும் தவறியதில்லை. பால் சொசைட்டியில் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கும் பெண்ணைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கிறது. எனக்கு மட்டும் ஏன் மோட்டிவேஷன் நிற்பதில்லை? நான் சோம்பேறியா?"

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது ஒரு வரியில் நின்றுவிட்டேன். "மாட்டு வேலையில் மட்டும் நான் ஒரு நாளும் தவறியதில்லை." இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கேள்விக்கான பதிலே அதில்தான் இருக்கிறது. விடியற்காலை எழுந்து, மடி கழுவி, கறந்து, சொசைட்டி மூடுவதற்குள் தூக்கோடு போய் நிற்கிறீர்கள். மதியம் மறுபடியும் அதே வேலை. ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிற நாளிலும், உடம்பு முடியாத நாளிலும் இதைச் செய்திருக்கிறீர்கள். இப்படி ஒருத்தி சோம்பேறியாக இருக்க முடியாது. அந்தச் சந்தேகத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

அப்படியானால் ஒரே ஆள் மாட்டிடம் தவறாமல் போகிறாள், புத்தகத்திடம் போவதில்லை, ஏன்? மாட்டின் மேல் உங்களுக்கு மோட்டிவேஷன் அதிகம் என்றா? இன்றைக்குக் கறக்கலாமா வேண்டாமா என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறீர்களா? மாடு கத்துகிறது, நீங்கள் எழுகிறீர்கள். சொசைட்டிக்கு ஒரு நேரம் இருக்கிறது, அதற்குள் முடிக்கிறீர்கள். கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும், மடிநோய் வரும், விளைவு அன்றைக்கே கண்ணில் தெரியும். கொண்டுபோன பாலை அளந்து, ஃபேட் பார்த்து, எத்தனை லிட்டர் என்று உங்கள் கணக்கில் ஏற்றுகிறார்கள். நீங்கள் வராவிட்டால் "இன்னைக்கு ஏன் காணோம்?" என்று கேட்க அங்கே நாலு பேர் இருக்கிறார்கள். கூப்பிட ஒன்று, முடிகிற நேரம் ஒன்று, அளவு, கணக்கு, பார்க்கும் கண்கள் எல்லாம் அந்த வேலையைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கின்றன. மனசு சரியில்லாத நாளிலும் வேலை நடந்துவிடுகிறது.

படிப்புக்கு இதில் ஒன்றுகூட இல்லை. ராத்திரி பத்து மணிக்குப் புத்தகம் உங்களைக் கூப்பிடுவதில்லை. எப்போது முடிந்தது என்று சொல்ல ஆளில்லை. பலனோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது. அறிவிப்பு வந்து, தேர்வு நடந்து, ராங்க் லிஸ்ட் வெளியாகி, அட்வைஸ் என்கிற நியமனப் பரிந்துரை கைக்கு வர வருஷங்கள் ஆகும். ராங்க் லிஸ்ட்டே மூன்று வருஷம் வரை உயிரோடு இருக்கும். இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒன்றை, நாள் முழுக்க உழைத்து ஓய்ந்த மனசின் பலத்தால் மட்டும் தினமும் இழுத்துவரப் பார்க்கிறீர்கள். யாராக இருந்தாலும் ஒரு வாரத்தில் கை சளைக்கும்.

ஆகவே நான் உங்களுக்கு மோட்டிவேஷன் தரப்போவதில்லை. பால் வேலையைச் சுற்றி இருக்கும் அந்தக் கட்டுமானத்தை அப்படியே எடுத்துப் படிப்பைச் சுற்றியும் போடலாம். அதற்கு என்னென்ன வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் ராத்திரி பத்து மணியை மறந்துவிடுங்கள். விடியும் முன் எழுகிறவளுக்கு அது தூங்கும் நேரம். உங்கள் நாளில் ஏற்கெனவே தானாக நடக்கிற ஒன்றோடு படிப்பைக் கட்ட வேண்டும். பையனின் ஸ்கூல் பஸ் போகிறதல்லவா, அதை எடுத்துக்கொள்ளுங்கள். "பஸ் கிளம்பிப் போனதும், வீட்டுக்குள் போகாமல், திண்ணையில் உட்கார்ந்து 5 கேள்வி பார்ப்பேன்." இந்த வாக்கியத்தை இதே வடிவத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். "தினமும் படிப்பேன்" என்று தீர்மானிப்பதற்கும், "இது நடந்ததும் இங்கே உட்கார்ந்து இதைச் செய்வேன்" என்று தீர்மானிப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருஷம் ஆராய்ந்தது இதைத்தான். 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தவர்கள், வெறும் ஆசையோடு நின்றவர்களைவிடத் தெளிவாக முன்னால் இருந்தார்கள். யோசிக்க வேண்டிய வேலையை நாம் முதல் நாளே முடித்துவிடுகிறோம். அப்புறம் பஸ்தான் நம்மைக் கூப்பிடுகிறது, மாடு கூப்பிடுவதுபோல.

5 கேள்வி என்றால் குறைவாகத் தோன்றும். குறைவாகவே இருக்கட்டும். உங்கள் டைம்டேபிளில் மூன்று மணி நேரம் என்று போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பையனுக்குக் காய்ச்சல் வந்த நாளில் மூன்று மணி நேரம் முடியாது, 5 கேள்வி முடியும். முடிந்த நாளில் 20 பாருங்கள், 30 பாருங்கள், தடை இல்லை. ஆனால் கணக்குக்கு 5 போதும். உட்காருவதுதான் கஷ்டமான பகுதி. உட்கார்ந்துவிட்டால், பெரும்பாலான நாளில் ஐந்தோடு எழ மனம் வராது.

என் சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன். சில வருஷம் முன்பு வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகு தினம் மூன்று வேளை கைக்குப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். செய்யாவிட்டால் விரல் மடங்காது என்று நன்றாகத் தெரியும், நாலு பேருக்கு இதே விஷயத்தில் ஆலோசனை சொல்பவளும் நான்தான். இருந்தும் மூன்று வாரம் செய்யவில்லை. கடைசியில் என்னை மீட்டது இட்லிச் சட்டி. மாவை ஊற்றி மூடி வைத்ததும் அது வேகும்வரை கைக்குப் பயிற்சி, வேறு எதுவும் கிடையாது. காலையில் இட்லியோ தோசையோ எதுவானாலும் அடுப்படியில் நிற்கத்தானே வேண்டும். கை இப்போது நன்றாக மடங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. சனி ஞாயிறும், ஓணம் லீவு பத்து நாளும் ஸ்கூல் பஸ் வராது. கூப்பிடுகிற மணி நின்றால் பழக்கமும் நிற்கும். அந்த நாட்களுக்கு இப்போதே வேறு ஒன்றை முடிவு செய்து வையுங்கள். மதியம் சொசைட்டியிலிருந்து வந்து தூக்கைக் கழுவிக் கவிழ்த்ததும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கணக்கு. சொசைட்டியில் இருப்பதுபோல ஒரு சின்ன நோட்டு போடுங்கள். தேதி, காலை, மாலை, எண்ணிக்கை. மணிக்கணக்கை எழுத வேண்டாம், எத்தனை கேள்வி என்று மட்டும் எழுதுங்கள். மணி நேரம் பார்த்தால் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்த நேரமும் சேர்ந்துவிடும். முக்கியமாக, ஒன்றும் பார்க்காத நாளில் 0 என்று எழுதுங்கள். மாட்டுக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு வேளை பால் குறைந்தால் சொசைட்டிக் கணக்கைக் கிழித்தா போடுகிறார்கள்? குறைந்த லிட்டரைக் குறைவாகவே எழுதி, அடுத்த வேளைக்குப் போகிறார்கள். உங்கள் நான்கு வருஷத்தையும் தின்றது காய்ச்சல் வந்த அந்த ஒரு நாள் இல்லை. அதற்கு அடுத்த நாள் "போச்சு, இந்தத் தடவையும் விட்டாச்சு" என்று நீங்களே சொல்லிக்கொண்டதுதான் தின்றது. கன்ஃபர்மேஷன் போனதும் அதனால்தான். படிக்கவில்லை என்ற குற்ற உணர்ச்சியில் தளத்தைத் திறக்கவே உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் உங்களுக்குத் தைரியம் தரும் இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரிடம் ஒரு புதுப் பழக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி 12 வாரம் கவனித்தார்கள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் சொல்லியிருப்பார்கள். இவர்கள் கணக்குப்படி சராசரி 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று தெரிந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப் போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவே இல்லை. இன்னொன்று கனடாவில் கல்லூரி மாணவர்களிடம் செய்து 2010-இல் வெளியானது. முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். தன்னைத் திட்டிக்கொண்டால்தான் புத்தி வரும் என்று நம் வீடுகளில் பழகியிருக்கிறோம். என்னிடம் வருகிறவர்களிடம் நான் பார்ப்பது இதற்கு நேர்மாறானது. திட்டு வாங்கிய மனசு அந்தப் பக்கமே போக விரும்புவதில்லை.

இன்னும் ஒன்று. மாடு கன்று போடுவதற்கு முன் சுமார் 60 நாள் பாலை வற்றவிடுகிறீர்கள். அந்த நாட்களில் கறக்கவில்லையே என்று யாரும் வருத்தப்படுவதில்லை, அதுவும் திட்டத்தில் அடக்கம். உங்களுக்கும் அப்படிச் சில நாட்கள் வரும். மாடு கன்று போடும் வாரம், வீட்டில் விசேஷம், மாமியாருக்கு உடம்பு முடியாமல் போவது. அப்போது தினம் 1 கேள்வி என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள், எந்தத் தேதியிலிருந்து மறுபடி 5 என்பதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

இப்போது படிப்பைப் பற்றி. மலையாள நோட்ஸைப் பார்த்தால் கண் சொக்குகிறது என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். நான் அதைத் தாண்ட மாட்டேன். பத்தாவது வரை தமிழில் படித்தவர், பேச்சில் மலையாளம் சரளமாக இருந்தாலும், அச்சில் ஒரு பக்கம் படிக்க மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். நாள் முழுக்க உழைத்தபின் ராத்திரி அதைச் செய்தால் சொக்கத்தான் செய்யும். நீங்கள் ஆர்வம் போய்விட்டது என்று எண்ணியதில் பாதி, எழுத்துக் கூட்டிப் படிக்கும் களைப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் மாவட்டத்தில் மொழிச் சிறுபான்மையினருக்கு வினாத்தாள் தமிழிலும் கிடைக்கும். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்றே தனியாக எல்.டி. கிளார்க் பணியிடங்களும் உண்டு, அந்த அறிவிப்பு வருகிறதா என்று கவனித்துக்கொண்டே இருங்கள். இரண்டு மொழி தெரிவது உங்களுக்குப் பலம். பாடங்களைத் தமிழில் படித்து, மலையாளத்தைத் தனியாக, பையனுடைய மலையாளப் பாடப்புத்தகத்தோடு சேர்ந்து ஒரு பக்கம் சத்தமாகப் படித்துப் பழகுங்கள். அவனுக்கும் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

சொசைட்டி வரிசையில் நிற்கும் பத்து நிமிடம் இருக்கிறதே, அது தங்கமான நேரம். முந்தைய நாள் பார்த்த 5 கேள்விகளை அங்கே நின்றுகொண்டு, தாளைப் பார்க்காமல், மனசுக்குள் பதில் சொல்லிப் பாருங்கள். வராவிட்டால் மட்டும் தாளை எடுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதுதான் நாள் கடந்தும் நிற்கும் என்று ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் காட்டினார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு அது, ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. உங்களுக்கு இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. நேற்று தெரியாதது இன்று தெரிகிறது என்று தினமும் கண்ணால் பார்ப்பீர்கள். எனக்குத் தெரிந்து, மனசைத் தொடர்ந்து ஓட வைப்பதில் இதற்கு ஈடாக வேறொன்று இல்லை.

மோட்டிவேஷன் வீடியோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதைப் பார்த்து நீங்கள் அழுவது பொய்யில்லை. ஆனால் ஜெயித்துவிட்டதுபோல் ஒரு நிமிடம் மனசு நிறைந்துவிட்டால், உடம்பு அதை ஓரளவு நிஜமாகவே எடுத்துக்கொண்டு ஓய்ந்துவிடுகிறது. கேப்ரியேல் எட்டிங்கன் என்ற உளவியலாளர் வேலை தேடும் பட்டதாரிகளைக் கவனித்தார். நல்ல வேலை கிடைத்ததாக இனிமையாகக் கற்பனை செய்துகொண்டே இருந்தவர்கள், இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் குறைவான இடங்களுக்கே விண்ணப்பித்திருந்தார்கள், சம்பளமும் குறைவு. ஆசைப்படுவது தவறில்லை. ஆசையோடு கூடவே, "நாளைக்கு என்னைத் தடுக்கப்போவது எது?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் சொல்வது. வீடியோவுக்குப் பதில் தூங்கும் முன் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். நாளைக்குத் தீவனக்காரர் வருவார் என்றால், அவர் போனதும் உட்காருவேன் என்று முடிவு செய்துவிட்டுத் தூங்குங்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

உங்கள் வீட்டு ஆட்களுக்கு வருகிறேன். "படிச்சது போதும்" என்று மாமியார் சொன்னது வலித்திருக்கும். அவரிடம் படிப்பைப் பற்றி வாதாட வேண்டாம். சின்னதாக, தெளிவாக ஒன்றைக் கேளுங்கள்: "அத்தை, பஸ் போனதுக்கப்புறம் இருபது நிமிஷம் மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க, அதுக்கப்புறம் எல்லா வேலையும் நான் பார்த்துக்கறேன்." அளவு தெரிந்த உதவியைப் பெரியவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. கணவர் ஊரில் இருக்கும் நாட்களில் மதியப் பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோவதை அவரிடம் கேட்டு வாங்குங்கள். படிக்கும் தோழி ஒருத்தியைத் தேடிக்கொள்ளுங்கள், ஒருத்தி போதும். ஆயிரக்கணக்கானவர்கள் மார்க் போடும் டெலிகிராம் குரூப் எதிலாவது இருந்தால், கொஞ்ச காலம் வெளியே வாருங்கள். அந்தத் தோழிக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். பூஜ்யங்களோடுதான் அனுப்ப வேண்டும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. எப்போதும் அசதி என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே ஆரம்ப சுகாதார மையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பாருங்கள், தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகைதான். அப்படி இருந்தால் எவ்வளவு திட்டம் போட்டாலும் உடம்பு எழாது. நீங்கள் மனசைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த பல நாட்களில் குறைந்திருந்தது இரும்புச்சத்தாகவும் இருக்கலாம். மாத்திரை கொடுத்தால் டீயோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது.

அழுகை வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். வீடியோ பார்க்கும்போது மட்டும் என்றால் சரி. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் பாரமாக இருந்து, பிடித்தது எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் மாறியிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கும். தமிழில் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இரண்டு ஆசைகள் இருக்கின்றன. ஒன்று அப்பாவுடையது. அதை மதிக்கிறேன். ஆனால் இன்னொருவர் ஆசையைச் சுமந்துகொண்டு நடந்தால் அது சீக்கிரம் கடனாக மாறிவிடும். மற்றது சொசைட்டியில் கணக்குப் பார்க்கும் பெண்ணைப் பார்க்கும்போது வரும் ஏக்கம். அதை நீங்கள் யாருக்காகவும் எழுதவில்லை, தானாக வந்து விழுந்திருக்கிறது. ஒரு மேசை, ஒரு கணக்கு, தன் பெயரில் ஒரு வேலை, இதுதானே அந்த ஏக்கம்? அப்படியானால் எல்.டி. கிளார்க் அதற்கு ஒரு வழி, ஒரே வழி இல்லை. கூட்டுறவுச் சங்கங்களிலும் கிளார்க் வேலைகள் வருகின்றன. உங்களிடம் பி.காம். இருக்கிறது. கூட்டுறவு டிப்ளமா படிப்பு உங்களுக்குத் தோதாக இருக்குமா என்றும் விசாரியுங்கள். எல்.டி. கிளார்க்குக்குப் பொதுப் பிரிவிலேயே 36 வயது வரை இடம் உண்டு, உங்களுக்கு 32. அவசரப்பட்டு எதையும் விட வேண்டாம்.

சனிக்கிழமை தோறும் மதியப் பால் ஊற்றிவிட்டு வந்ததும் பி.எஸ்.சி. புரொஃபைலைத் திறந்து பாருங்கள். அந்த வாரம் ஒரு கேள்விகூடப் படிக்காமல் போயிருந்தாலும் திறந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை. இன்னொரு கன்ஃபர்மேஷன் கை நழுவக் கூடாது.

நோட்டின் முதல் பக்கத்தில் நாளைய தேதியை இன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் ஒரு வரி எனக்கும் எழுதுங்கள்.